எட்கர் காட் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி முன்னோடிகளைப் பற்றித் தங்கள் இதழில் வரும் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு அடித்தளமிட்ட எட்கர் காட் இதுவரை அதில் இடம்பெறவில்லை. கல்லூரியில் டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் மேலாண்மை) பாடம் நடத்துகிறவள் என்பதால் அந்தக் குறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1923-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தார், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டினார், பிறகு அமெரிக்கா போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பொறுக்காமல் 1953-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார். மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கியபோது நாற்பதைத் தாண்டியிருந்தார்.

ரிலேஷனல் முறையை முன்வைத்து 1970-இல் அவர் வெளியிட்ட கட்டுரை வெறும் 11 பக்கம். அதன் அருமை தெரிய அதற்கு முந்தைய நிலைமை தெரிய வேண்டும். ஐபிஎம்மின் ஐஎம்எஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் தகவல்கள் மேலிருந்து கீழாகக் கிளை பிரிந்து கிடக்கும். துறைக்குக் கீழே ஊழியர்கள் என்று அடுக்கிவிட்டால், ஊழியரை வைத்துத் துறையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. போகிற வழியெல்லாம் புரோகிராமுக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். அடுக்கை மாற்றினால் புரோகிராமையும் மாற்றியாக வேண்டும். எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைக்கலாம், அவற்றில் உள்ள மதிப்புகளே ஒன்றையொன்று இணைக்கும், என்ன வேண்டும் என்று கேட்டால் போதும், தேடும் வழியைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று காட் கணக் கோட்பாட்டைக் கொண்டு காட்டினார். இத்தனை துணிச்சலான எளிமையை வேறெந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை.

ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐபிஎம் அவசரம் காட்டவில்லை. அங்கேயே சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல், அட்டவணைகளிடம் வேண்டியதைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லின் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். ஆனாலும் 1979-இல் ஆரக்கிள் என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்து முந்திக்கொண்டது. ஐபிஎம்மின் சொந்தத் தயாரிப்பு 1981-இல்தான் வந்தது. அதே ஆண்டு காட்டுக்குக் கணினித் துறையின் உயரிய டியூரிங் விருது கிடைத்தது.

விருதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய மென்பொருளுக்கு 'ரிலேஷனல்' என்று பெயர் ஒட்டி விற்றவர்களுக்காக 1985-இல் விதிகளை வகுத்து வெளியிட்டார். ஓர் அட்டவணையில் ஒரே வரிசை இரண்டு முறை வர எஸ்க்யூஎல் இடம் கொடுப்பதையும் கடைசிவரை ஏற்கவில்லை.

எங்கள் மாணவர்கள், அட்டவணைகளைப் பிரித்து அமைக்கக் காட் வகுத்த மூன்றாம் நார்மல் ஃபார்முக்கு இலக்கணம் ஒப்பிப்பார்கள். ஒரே முகவரியைப் பத்து இடத்தில் வைத்து ஒன்பதில் மட்டும் திருத்தினால் என்ன ஆகும் என்ற கவலையில் பிறந்தது அது என்று கேள்வித்தாள் கேட்பதே இல்லை. அதன் இறுக்கமான வடிவமான பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்மை பிசிஎன்எஃப் என்று எழுதுகிறவர்களுக்கு, அதில் முதலெழுத்துக்கு உரிய பாய்ஸ் முப்பது வயதுகூட ஆகாமல் 1974-இல் இறந்துபோனது தெரியாது.

காட் 2003-இல் காலமானார். அவரைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அந்த 11 பக்கத்தின் முதல் பகுதியையாவது தமிழில் விளக்கினால், என் வகுப்பில் டிபிஎம்எஸ் பாடத்தை அதிலிருந்தே தொடங்குவேன்.

அன்புடன்,
கணினி அறிவியல் பேராசிரியை,
திருநெல்வேலி