ஒரு முட்டைக் கேக்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி நீ அறிந்ததுதான். அதில் புதிதாக எழுத ஒன்றுமில்லை.

சென்ற மாதம் தொலைபேசியில், இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன கேக் என்று நான் கேட்டபோது, “ஒருத்திக்காக எதுக்குப்பா ஓவனைப் போடணும்?” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அதன் பிறகு நான்கு ஞாயிறுகள் கடந்துவிட்டன. ஒரு படம்கூட வரவில்லை. காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் ஒரு தட்டு பிஸ்கட் செய்து படம் அனுப்பியவள் நீ. ‘ஒருத்திக்காக’ என்ற அந்தச் சொல்லைப் பற்றி உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருக்கிறாள். ஆகவே நான் கேட்கப்போவதில்லை. கேக்கைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

ஒருத்திக்கான கேக்குக்கு ஒரு முட்டை போதும். அதை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி எடை பார்த்தால், ஓடு நீங்கலாக ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா. அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாகப் பேக்கிங் பவுடர். ஒரு சிட்டிகை உப்பு. 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வைத்தால் நான்கு கப் கேக் கிடைக்கும். ஒன்றை அன்றே சாப்பிட்டுவிட்டு, மற்ற மூன்றையும் ஆறவைத்துக் காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம்வரை நன்றாக இருக்கும். பெரிய கேக்தான் வேண்டுமென்றால், உன் 8 அங்குல வட்ட டின்னுக்கான அளவில் பாதியை 6 அங்குல டின்னில் ஊற்று. 64-க்கு 36 என்று பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டேன். பாதிக்குச் சற்றுக் கூடுதலான இடம் இருப்பதால் தாராளமாக அடங்கும். வெண்ணெயை மட்டும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடு.

இதெல்லாம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பாய். படங்கள் நின்ற இரண்டாவது வாரம், நீ விட்டுப்போன நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு நானே அடுப்படியில் இறங்கிவிட்டேன். இத்தனை வருடம் உண்டு மட்டுமே பழகிய எனக்கு, இதில் இவ்வளவு மகிழ்ச்சி இருப்பது தெரியாமலே போயிற்று. வெண்ணெயும் சர்க்கரையும் முதலில் ஈர மணலைப் போல நறநறவென்று கிடக்கின்றன; அடிக்க அடிக்க, நான்காவது ஐந்தாவது நிமிடத்தில் மஞ்சள் நிறம் போய் வெளுத்து, கரண்டியை எடுத்தால் நுனி மடிந்து நிற்கிறது. சர்க்கரைப் பரல்களின் முனைகள்தான் வெண்ணெய்க்குள் காற்றை இழுத்துக்கொண்டு போகின்றனவாம். பேக்கிங் பவுடர் தானாகப் புதிய குமிழிகளை உண்டாக்குவதில்லை, நாம் கையால் உள்ளே அனுப்பியவற்றைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது என்று படித்தபோது, அலுவலகத்தில் முப்பது வருடம் வாங்காத பாராட்டைக் கை வாங்கிக்கொண்டது போல இருந்தது. முதல் கேக் வேகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெப்பமானி வாங்கி உள்ளே வைத்துப் பார்த்தால், நம் ஓவனின் குமிழ் 180 என்று காட்டும்போது உள்ளே இருப்பது 160தான். இந்தக் கோளாறோடுதான் நீ பள்ளி நாளிலேயே அவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாய்! வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள், நான்கு வாரமாக ஒரு படம் அனுப்ப இரண்டு நிமிடம் இல்லாமல் இருக்கிறாய் என்பதை மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்றும் படித்தேன். பேக்கிங் பவுடரை 1843-ல் உருவாக்கியவர் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற ஆங்கிலேய மருந்தாளர். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது என்பதால், ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்பவைக்க வழி தேடியிருக்கிறார். ஆக, இந்த டப்பாவே ஒருத்திக்காக உண்டானதுதான் என்று உனக்கு எழுதலாமென்று நினைத்திருந்தேன். எழுதிய பிறகுதான், கணவன் மனைவி உதாரணத்தை இப்போது உனக்குச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று படுகிறது. அடித்தால் கடிதம் அசிங்கமாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

நோட்டில் பதினேழாம் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதவே உட்கார்ந்தேன். அம்மாவின் பிறந்தநாளுக்கு நீ செய்த கேக்; நடுவில் கிண்ணம் போல அமுங்கிப்போயிற்றே, அது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: “மாவு கூடிப்போச்சா? பவுடர் பழசா? ரொம்பக் கலக்கிட்டேனா?” மூன்றுக்கும் கேள்விக்குறி. கீழே, ‘மறுபடி அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருக்கு’ என்று எழுதி, அதையும் அடித்திருக்கிறாய்.

உன் அளவில் பிழையே இல்லை, அம்மா. நீ குளிக்கப் போயிருந்தபோது, வாசனை வந்ததே என்று இருபதாவது நிமிடத்தில் ஓவன் கதவைத் திறந்தவன் நான். திறந்தது மட்டுமல்ல, டின்னை முன்னால் இழுத்துப் பார்த்துவிட்டுத் தள்ளினேன். முட்டையும் மாவும் வெந்து இறுகுவதற்கு முன்னால் குளிர்ந்த காற்று பட்டால் உள்ளே இருக்கும் குமிழிகள் சுருங்கிவிடும், நடுப்பகுதி தாங்காது என்பதை இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் கதவைச் சாத்தும்போதே கேக் இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நீ வந்து அழுதபோது, “அவசரப்பட்டு அளந்திருப்பாய், எதிலும் நிதானம் வேண்டும்” என்று உனக்குப் புத்தி சொன்னேன். மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் நீ தராசை வைத்துக்கொண்டு கிராம் கிராமாக அளந்ததைப் பார்த்து, என் பெண் எவ்வளவு பொறுப்பானவள் என்று பெருமையும் பட்டுக்கொண்டேன். ஒரு சொல்லில் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை.

இப்போதும் நீ அங்கே தனியாக உட்கார்ந்து, எது கூடிப்போயிற்று, எது குறைந்துபோயிற்று என்று உன் பக்கத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கேக்கைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அந்தப் பக்கத்தில் உன் பென்சில் எழுத்துக்குக் கீழே, ‘கதவைத் திறந்தது அப்பா’ என்று பேனாவால் எழுதித் தேதி போட்டுவிட்டேன். நோட்டை அஞ்சலில் அனுப்ப மனம் வரவில்லை. நீயே வந்து எடுத்துக்கொள். ஓவன் வெப்பமானி இரண்டு வாங்கினேன். உனக்கானது தனியாக வருகிறது. நேற்றுச் செய்த நான்கில் ஒன்றை அம்மா சாப்பிட்டாள், மேலே வெடித்திருக்கிறது என்றாள், பிறகு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள். மீதி இரண்டும் ஃப்ரீசரில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை செய்தால் படம் அனுப்பு. அமுங்கியிருந்தாலும் அனுப்பு. வெண்ணெயை முன்பே வெளியே எடுத்து வைக்க மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா