ஹோம் ஃபோல்டரை இடம் மாற்ற உதவியவர்களுக்கு நன்றி

சென்னிமலைக் கைத்தறிப் பெட்ஷீட்டுகளுக்கு டிசைன் வரைந்து கொடுப்பது என் தொழில். லினக்ஸ் கம்ப்யூட்டரின் 120 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் நிரம்பி, வரைந்ததைச் சேமிக்கவே இடமில்லை. தறிக்காரர்கள் அடுத்த பார்டருக்குக் காத்திருந்த நேரம் அது.

முதல் நன்றி பெருந்துறைத் தம்பிக்கு. சிஸ்டம் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும், என் ஃபைல்களும் செட்டிங்குகளும் இருக்கும் ஹோம் ஃபோல்டரை மட்டும் புதிய 1 டிபி டிஸ்குக்குக் கொண்டு போகலாம் என்றார். "டிஸ்கை விண்டோஸோட என்டிஎஃப்எஸ் முறையில ஃபார்மேட் பண்ண வேண்டாமுங்க அக்கா, ஃபைலுக்கு யார் சொந்தக்காரர், யாருக்கு என்ன அனுமதிங்கிறது அதுல சரியா நிற்காது. லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 போடலாம்" என்றார். என்னை லாக்அவுட் செய்யச் சொல்லி, முழு அனுமதி உள்ள ரூட் கணக்கில் நுழைந்து, ஆர்சிங்க் என்ற கமாண்டால் காப்பி செய்தார். நாம் உள்ளே இருக்கும்போது காப்பி எடுத்தால், பாதி எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் அரைகுறையாகத்தான் போய்ச் சேருமாம்.

புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களும் கூடவே வந்ததை அவர் திறந்து காட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. சாயநூல் நிறங்களுக்கு ஏற்ப நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளின் வண்ணத்தட்டுகள் எல்லாம் கான்ஃபிக் என்ற அந்த மறைந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. அவை போயிருந்தால் திரும்பச் சேர்க்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்து, போனிலேயே கூட இருந்த காங்கயத்து அண்ணனுக்கு. டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் அடுத்த பூட்டில் இடம் மாறலாம் என்பதால், எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிஸ்கின் மாறாத அடையாளமான யூயூஐடியைத்தான் எழுத வேண்டும் என்றார். பழைய ஹோமுக்கு வேறு பெயர் வைத்து, புதிய டிஸ்க் வந்து இணைய அந்த இடத்தில் காலி ஃபோல்டர் ஒன்று போடச் சொன்னார். ரீபூட்டுக்கு முன்னாடியே எஃப்எஸ்டேப்பில் உள்ளபடி டிஸ்குகளை இணைக்கும் 'மவுண்ட் -ஏ' கமாண்டைக் கொடுத்துப் பார்க்க வைத்தார். எஃப்எஸ்டேப்பில் எழுதிய வரி தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் வழக்கம்போல் திறக்காமல் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடுமாம். எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கள், ரொம்ப முக்கியம்.

காப்பி ஓடும்போது கரண்ட் போய்விடக் கூடாதே என்று தன் இன்வர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த பக்கத்துத் தறிக்கூடத்து அண்ணனுக்கும், கேபினட்டுக்குள் இடமும் டிஸ்கை இணைக்கும் சாட்டா ஒயரும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிஸ்கை விற்ற ஈரோட்டுக் கடைக்காரருக்கும் நன்றிங்க.

பழைய ஹோம் இன்னும் எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. இப்போதைய ஆர்டர் முடிந்ததும் அழித்துக்கொள்ளலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எல்லாரும் வீட்டுக்கு வந்துவிடுங்கள், அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைக்கிறேன்.