பட்டியலில் இல்லாத பெண் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரும் 'எஜுகேட் கேர்ள்ஸ்' அமைப்புக்கு 2025ஆம் ஆண்டின் ரமோன் மகசேசே விருது கிடைத்ததையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தியர் பலர் தனித்தனியே பெற்ற அவ்விருதை இந்திய அமைப்பு ஒன்று பெறுவது இதுவே முதல் முறை என்பதால் பாராட்டு பொருத்தமானதே. ஆனால் கட்டுரை விருதைப் பற்றிச் சொன்ன அளவுக்கு வேலையைப் பற்றிச் சொல்லவில்லை.

2007இல் சஃபீனா ஹுசைன் தொடங்கிய இவ்வமைப்பு, ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் புதிதாகப் பள்ளிக்கூடம் எதையும் கட்டவில்லை. அரசுப் பள்ளி ஊரிலேயே இருந்தும் பெண் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டு, 'டீம் பாலிகா' என்ற பெயரில் அந்தந்த ஊர் இளைஞர்களையே வீடு வீடாக அனுப்பி, பள்ளிக்குப் போகாத பெண்களின் பெயரை எழுதி வாங்கியது. ஆடு மேய்க்க ஆள் இல்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கல்யாணம் பேசியாயிற்று என்று பெற்றோர் சொல்லும் காரணங்களுக்கு வெளியூர்க்காரரைவிட உள்ளூர்ப் பிள்ளையால்தான் பதில் சொல்ல முடியும். பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் மூன்றாண்டுகள், விளைவைக் காட்டினால்தான் முதலீட்டாளருக்குப் பணம் திரும்பும் என்ற கடுமையான ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்து, சேர்க்கையில் இலக்கின் 116 விழுக்காட்டையும் கற்றலில் 160 விழுக்காட்டையும் எட்டினார்கள். படிப்பை விட்ட இளம்பெண்கள், அன்றாடம் பள்ளிக்குப் போகாமலே படிக்க வழிசெய்யும் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத உதவும் 'பிரகதி' திட்டம் பின்னர் வந்தது.

இந்த அமைப்பின் தலைமையகம் மும்பையில்தான் இருக்கிறது. அதே மும்பையில், தமிழர் நிறையப் பேர் வாழும் தாராவியிலிருந்து எழுதுகிறேன். இங்கே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழு, எட்டு முடித்த பிள்ளைக்கு மேற்கொண்டு தமிழ்வழியில் படிக்க இடம் மிகக் குறைவு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் காவலும் பதினான்கு வயதோடு முடிகிறது. பையனானால் எப்படியாவது வேறு மொழிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். எங்கள் சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக உள்ள குடியிருப்பில்) ஒரு பெண், எட்டாவது முடித்த கையோடு வீட்டு இட்லி வியாபாரத்துக்குள் போய்விட்டாள். விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றி, அப்பா சைக்கிளில் கிளம்பியதும் பாத்திரம் கழுவி, தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை அவள்தான் நோட்டில் எழுதி வைக்கிறாள். அவள் பெயர் மட்டும் எந்தப் பள்ளிப் பட்டியலிலும் இல்லை.

மும்பையில் தமிழ் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விழா எடுக்கிறோம், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியோரை மேடையேற்றிப் பரிசு கொடுக்கிறோம், பொன்னாடைக்கும் குறைவில்லை. தேர்வு எழுதும் வரை வராமலே போனவர்கள் யார் என்று எந்த அமைப்பாவது வாசல் வாசலாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். தாராவியிலேயே லேபர் கேம்ப், தொண்ணூறு அடி சாலைப் பக்கம் கல்லூரிக்குப் போகும் நம் பெண்கள் இருக்கிறார்கள். மே மாத விடுமுறையில் தெருவுக்கு இருவராக அவர்கள் பெயர்ப் பட்டியல் எடுக்கட்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம்; அந்தக் கட்டணத்தையும் மாலை நேர வகுப்புக்கு ஓர் அறையையும் நம் அமைப்புகள் ஏற்கட்டும். அத்தகைய பட்டியல் தயாரானால் தங்கள் இதழ் அதன் எண்ணிக்கையை வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை