பால்கனி வாட்டமும் மணியின் குரைப்பும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதத்துக்குள் கீழ்வீட்டம்மாவும் எதிர்வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நாய் மணியை ஊருக்கே அனுப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அனுப்பாதே. நீ எழுதியிருக்கும் சண்டைகளில் முக்கால்வாசி நாயாலும் பூனையாலும் வந்தவை அல்ல. கொத்தனாரும் பிளம்பரும் அரைகுறையாக விட்டுப்போன வேலையால் வந்தவை. முதலில் வீட்டைச் சரிசெய்வோம்.

பால்கனிதான் அவசரம். மணி காலையில் அங்கே சிறுநீர் கழிக்கிறான், நீ வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறாய், கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டியிருக்கும் குட்டைக் குழாய் வழியே அது கீழ்வீட்டுக் கொடித் துணிமேல் விழுகிறது. அந்தம்மாவின் கோபம் நியாயமானது. அந்தக் குழாயை வைத்தது மழைச் சாரலுக்காக, கழுவும் தண்ணீருக்காக அல்ல. பிளம்பரைக் கூப்பிட்டால், "ஒரு எல்போ போட்டு, பக்கத்தில் இறங்குகிற மழைநீர்க் குழாயில் சேர்த்துவிடலாம் சார்" என்பார். ஒத்துக்கொள்ளாதே. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடியிலிருந்து வரும் அந்தக் குழாய் பெரும்பாலும் உறைக்கிணற்றில்தான் போய் முடியும். நாய் மூத்திரமும் சோப்பும் அதில் இறங்கினால் எல்லோரும் புழங்கும் நிலத்தடி நீர் கெடும். வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் கழிவுக் குழாயில் சேர்க்கச் சொல். 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய் போதும். ஆனால் சேரும் இடத்துக்கு முன்னால் ஒரு டிராப் (கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நின்று காற்றைத் தடுக்கும் வளைவு) வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடை நாற்றம் பால்கனிக்கு ஏறிவிடும். வெளிச்சுவரில் குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் அடிக்க வேண்டியிருப்பதால் குடியிருப்போர் சங்கத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்.

அதுவரை மணிக்கு மூன்றடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் டிரேயில் செயற்கைப் புல் விரித்துப் பழக்கு. அதைத் தினமும் குளியலறையில் கழுவு, பால்கனியில் கழுவாதே.

மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்றாயே, அது வாட்டக் குறை, அதாவது தரைக்குப் போதிய சரிவு இல்லை. ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கொத்தனார் கருவி) இருந்தால் நான்கடி நீளத்தில் வைத்துப் பார். வடிகாலை நோக்கி அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம்வரை இறக்கம் இருக்க வேண்டும். ரசமட்டம் இல்லாவிட்டால் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். தேங்கும் இடத்தில் மட்டும் நாலைந்து டைல்ஸைப் பெயர்த்து வாட்டம் கொடுத்துத் திரும்பப் பதிக்கலாம். பெயர்க்கும்போது அடியிலுள்ள நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் கிழியும். அதை மறுபடி பூசி, இருபத்துநான்கு மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்காமல் டைல்ஸ் பதிக்க விடாதே. இந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்கிற கொத்தனாரால்தான் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படிகிறது.

எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை என்பதற்குக் காரணம் டைல்ஸ் அல்ல, டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் சிமெண்ட் பூச்சான கிரவுட். அது ஈரத்தைக் குடிக்கும். சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் அதற்குள் உப்பாகப் படிந்து, மழைநாளில் ஈரம் பட்டதும் மறுபடி மணக்கும். வெறும் தண்ணீரால் அலசிவிட்டு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, தானாகக் காயவிடு. பிளீச்சிங் பவுடர் மட்டும் போடாதே. சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு வரும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் பழைய கிரவுட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, பிசின் கலந்த எபாக்ஸி கிரவுட் நிரப்பச் சொல். செலவு கூடுதல்தான். ஆனால் அது ஈரம் குடிக்காது.

பினாயில் விஷயத்தில் நான் கெஞ்சியே கேட்கிறேன். தரை துடைக்கக் கறுப்புப் பினாயில் ஊற்றுகிறோம் என்று எழுதியிருந்தாய், இன்றோடு நிறுத்திவிடு. அதிலிருக்கும் பினால் என்ற ரசாயனத்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும். வெள்ளைப் பினாயிலும் அதற்கு நல்லதல்ல. கொஞ்சம் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, நல்ல தண்ணீரால் இன்னொரு முறை துடைத்தால் போதும். வடிகாலில் போட்டு வைக்கும் அந்துருண்டையையும் எடுத்துவிடு. நாய் கவ்வி விழுங்கினால் ரத்தச் சிவப்பணுக்களே சிதையும்.

விருந்தினர் குளியலறையில் நாற்றம் வருவதற்கு அந்துருண்டை மருந்தும் அல்ல. நஹானி டிராப்பில், அதாவது தரை வடிகாலுக்கு அடியிலுள்ள கிண்ணத்தில், இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. புழங்காத அறையில் அது ஆவியாகிக் காய்ந்துபோகும். வாரம் ஒருமுறை ஒரு குவளை தண்ணீர் ஊற்று. நெடுநாள் வெளியூர் போவதானால் மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போ, ஆவியாவது குறையும். ஊற்றிய பிறகும் நாறினால் வடிகாலின் ஓட்டை மூடியான ஜாலியைத் தூக்கி ஆழம் பார். இரண்டு அங்குலம் இல்லையென்றால் டிராப்பையே மாற்ற வேண்டும். மணியைக் குளிப்பாட்டும்போது ஜாலிமேல் பொடிக்கண் எவர்சில்வர் வலையொன்றை வை, முடி உள்ளே போய் அடைக்காது. ஏசி ஃபில்டரையும் இரண்டு வாரத்துக்கொருமுறை கழுவு. முடியும் தூசும் போய் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உன் சுவரில் வழியும்.

குரைப்புக்கு வருவோம். காற்றுக்காகக் கதவைத் திறந்து கிரில் கேட்டை மட்டும் சாத்தி வைக்கிறீர்கள். எதிர்வீட்டு வாசல் ஐந்தடி தூரத்தில். யார் லிஃப்ட்டை விட்டு இறங்கினாலும் மணிக்குக் கால் தெரிகிறது, குரைக்கிறான். ஆள் வீட்டுக்குள் போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் போனார் என்று அவன் நம்புகிறான், அடுத்த முறை இன்னும் கடுமையாகக் குரைக்கிறான். கிரில்லின் கீழ்ப்பாகம் மூன்றடி உயரத்துக்குப் பால்வண்ணப் பாலிகார்பனேட் தகடு அடித்துவிடு, மேல்வழியே காற்று வரட்டும். கதவைச் சாத்தும்போது அடியில் தெரியும் சந்துக்கு ரப்பர் பட்டை ஒட்டினால் சத்தமும் குறையும்.

பூனை பால்கனியிலிருந்து விழாமலிருக்க, புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையை நம்பாதே, கடித்து அறுத்துவிடும். ஓர் அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடி. நகரும் கொசுவலைக் கதவைப் பாதத்தால் தள்ளித் திறக்கும், அதனால் கதவு நகரும் தண்டவாளத்தில் ஒரு மரக்குச்சி வெட்டிப் போடு.

சங்கத்தின் நோட்டீஸுக்குப் பயப்பட வேண்டாம். குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளைத் தடைசெய்யவோ லிஃப்ட்டில் ஏற்ற மறுக்கவோ கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அந்தத் தாளை முதல் நாளே நீட்டாதே. மாநகராட்சி உரிமம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டை இரண்டின் நகலையும் செயலாளரிடம் கொடு. ஊசியை ஆண்டுதோறும் தவறாமல் போடு. கீழ்வீட்டம்மாவிடம் மட்டும் நீயே நேரில் போய், குழாய் வேலை எந்தத் தேதியில் என்று சொல்லிவிட்டு வா.

பால்கனிக் குழாயிலிருந்து வாஷிங் மெஷின் குழாய்வரை எத்தனை அடி, நடுவில் எத்தனை திருப்பம் என்று அளந்து எழுது. எத்தனை எல்போ, எத்தனை கிளாம்ப் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்