கச்சானும் கந்தளாய்த் தண்ணியும்

டேய் மச்சான்,

நாலு மாசமா பதில் போடேல்ல, ஏசுறதெண்டா கோல் எடுத்து ஏசு. அம்மா சுகம், முழங்கால்தான் பிரச்சினை. மகள் கம்பஸ் முதல் வருஷம். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

கச்சான் காத்து தொடங்கீட்டுதடா. நீ ஸ்நோவுக்குள்ள இருந்து மறந்திருப்பாய். யன்னல் சீலை ரெண்டு நாளில மண்ணிறம், கிணத்துக் கயிறை ரெண்டு முழம் கூட்டிக் கட்டினன், உதடு வெடிச்சு மீன்குழம்பு பட்டா உயிர் போகுது. நான் காத்தைத் திட்டிக்கொண்டிருக்க லீவில வந்த மகள் சொல்லுறாள், "அப்பா, உங்களுக்கு குடிக்கத் தண்ணி தாறதும் இந்தக் காத்துத்தான்" எண்டு. எனக்கு விசர் வந்துட்டுது.

பிறகு நோட்ஸ் கொப்பியை விரிச்சாள். பூமியை வளிமண்டலம், நீர்க்கோளம், கற்கோளம், உயிர்க்கோளம் எண்டு பிரிக்கிறது படிக்கிற வசதிக்குத்தானாம், ஒண்டைத் தொட்டா மற்றதெல்லாம் ஆடுமாம். நாங்களும் படிச்சதுதானே, "கச்சான் காற்றை விளக்குக" எண்டதுக்கு நீ வறுத்த கச்சான் கடலைச் சுருள் கீறி அரை மார்க்ஸ் வாங்கினதும் அந்தப் பாடத்திலதான்.

விஷயம் இதுதான். மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கால வாற காத்து கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மலைநாட்டில முட்டி ஏறுது. ஏறேக்க ஈரம் மழையாகி வெக்கையை வெளிய விடுறதால கிலோமீட்டருக்கு 5, 6 பாகைதான் குளிருது, மலைக்குக் கிழக்கால எங்கட பக்கம் காஞ்சுபோய் இறங்கேக்க 10 பாகை சூடேறுது, அந்த வித்தியாசம்தான்டா என்ர உதடு. சரி, கொட்டின மழை? அதில ஒரு பங்கு மகாவலி ஆத்தில விழுது. கண்டிக்குப் பக்கத்தில பொல்கொல்லையில 1976ல அணை கட்டி மறிச்சுத் திருப்பின தண்ணி அம்பன் கங்கையால மின்னேரியா, கவுடுல்ல எண்டு குளம் குளமாத் தாண்டி கந்தளாய்க் குளத்துக்கு வருது. எங்கட பைப்பில வாறது கந்தளாய்த் தண்ணி! காத்து குறுக்கால வந்து சுடுது, அது கொட்டின தண்ணி சுத்திச் சுத்தி வந்து தாகம் தீர்க்குது. நான் ஒரு கிளாஸ் தண்ணியை கையில வச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தன், மனுசி பயந்துட்டாள்.

மகாவலி மொத்தம் 335 கிலோமீட்டர், திருப்பினது போக மிச்சத் தண்ணி கொட்டியாரக் குடாவில கடலோட சேருது. போன கிழமை மூதூர் போகேக்க ஆத்துப் பாலத்தில நிண்டு பாத்தன், வள்ளத்தில மண் அள்ளுறாங்கள். மேல அணைகளிலயே கனக்க மண் தங்கீடும், கீழ வாறதையும் லொறியில ஏத்தினா கரைக்கு என்ன மிஞ்சும்? பிறகு கடல் கரையைத் தின்னுது எண்டு கடலை ஏசுவம். என்ர மதிலுக்கும் ரெண்டு கியூப் அந்த மண்தான், நீ நக்கலடிக்க முந்தி நானே சொல்லீட்டன். மகளுக்கு இன்னும் சொல்லேல்ல.

ஆகஸ்டில வாறாய்தானே? உதட்டுக்குப் பூசுற அந்தக் குச்சி ரெண்டு கொண்டு வா, மகளுக்கெண்டு சொல்லு.

உன்ர,
மொட்டையன்