மேடை போட்டுத் தந்த அண்ணனுக்கு

எங்கள் நடன நிகழ்ச்சி நேற்று நல்லபடியாக முடிந்தது. இடம் மாறியதில் கடைசி நிமிடம் வரை நாங்கள் பட்ட பாடு பார்க்க வந்த உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பக் கிளற எனக்கு மனசில்லை. தூக்கம் வரவில்லை, அதனால் நன்றியை இப்போதே எழுதிவிடுகிறேன்.

இடம் கொடுத்த குடும்பம், ஜெனரேட்டருக்கும் நாற்காலிக்கும் அலைந்த தம்பிகள், இடம் மாறியும் தேடி வந்து உட்கார்ந்த நீங்கள், எல்லாருக்கும் நன்றி. ஆனால் நான் அதிகம் சொல்ல வேண்டியது மேடை போட வந்த தச்சு அண்ணனைப் பற்றித்தான்.

முந்தின நாள் சாயங்காலம் பிளைவுட் அடித்து முடித்து, கூலியும் வாங்கிக்கொண்டு கிளம்பியவர், போகிற போக்கில் "செருப்பு போட்டுத்தானம்மா ஆடுவீங்க?" என்றார். இல்லண்ணே, வெறுங்கால்தான், தரையில் படுத்து உருளவும் செய்வோம் என்றேன். ஒன்றும் பேசாமல் பையைக் கீழே வைத்தார். ஒரு மூலையில் மண்டியிட்டு, உள்ளங்கையைப் பலகையோடு பலகையாக வைத்துத் தடவிக்கொண்டே போனார். கையில் ஏதாவது தட்டுப்படுகிற இடத்தில் நின்று, ஆணித்தலையை உள்ளே இறக்கி, பலகைகள் சேருகிற விளிம்பையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்தார். இருட்டிய பிறகு என்னோடு ஆடும் பெண்களில் ஒருத்தி செல்போன் வெளிச்சம் பிடித்தாள். கூடுதலாகப் பணம் நீட்டினால் வாங்கவில்லை. "சிராய் ஏறிடுச்சுன்னா எப்படிம்மா ஆடுவீங்க" என்றார், அவ்வளவுதான்.

நேற்றைய நிகழ்ச்சி நடனக் கலைஞர் சந்திரலேகா அம்மாவின் நினைவுக்கானது. 1952-இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது. யமுனையில் தண்ணீர் ததும்புவதை அபிநயித்துக்கொண்டிருக்கும்போதே வறண்டு வெடித்த நிலம் தன் மனக்கண்ணில் வந்து நின்றதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆட்டத்துக்குக் கீழே இருக்கிற மண்ணை மறக்கக் கூடாது என்கிற அந்த உறுத்தல் கடைசி வரை அவரை விடவில்லை என்றே நான் நினைக்கிறேன். 1985-இல் 'அங்கிகா' என்ற நடனப் படைப்பில் பரதத்தோடு களரி என்ற கேரளச் சண்டைக்கலையையும் யோகாவையும் சேர்த்து, நகையையும் கடவுள் கதையையும் ஒதுக்கிவிட்டு, உடம்பை மட்டும் நம்பி நின்றார். குரு எல்லப்ப பிள்ளையிடம் கற்ற அரைமண்டியை, அதாவது முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் பரத நிலையை, அவர் அலங்காரமாகப் பார்க்கவில்லை, உடம்பு தரையில் ஊன்றி நின்று பலம் சேர்க்கிற நிலையாகப் பார்த்தார். 'சரீரா' போன்ற பிற்காலப் படைப்புகளில் உடல்கள் எவ்வளவு மெதுவாக அசையும்! அப்படி ஆட, தரையை முழுசாக நம்ப வேண்டும். நேற்று எங்களால் நம்ப முடிந்தது. முதுகைச் சாய்த்துப் படுத்த அந்த நீண்ட பகுதியில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இத்தனை வருஷமாக விளக்குக்காரர், ஒலிக்காரர் பெயரையெல்லாம் அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் தரை போட்டவர் பெயர் வந்ததே இல்லை. இனி வரும். அண்ணனிடம் கேட்டேன், முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் சரி என்றார். அடுத்த முறை ஒத்திகை தொடங்கும் முன்பே கூப்பிடச் சொல்லியிருக்கிறார், பலகையை அவரே பார்த்து வாங்குவாராம்.