மாஸ்டரின் நாடகங்கள்

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள குணா,

தைப்பூசத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்றாய், வரவில்லை. ரதம் வந்தபோது உன் பேரிலும் ஒரு தேங்காய் உடைத்தேன், காசை நேரில் வந்து கொடு. இங்கே எல்லாரும் நலம். லட்சுமிக்கு முட்டி வலி பரவாயில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம், மாஸ்டர் எழுதி நாம் கணினியில் அடித்து வைத்த நாடகங்கள் அத்தனையும் போய்விடப் பார்த்தன.

என் கணினியை நீ பார்த்திருக்கிறாய், 2013-ல் வாங்கியது. ஒரு வருஷமாகவே காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுப் பசியாறப் போவேன். தோசை முடிந்து தே தாரிக் குடித்து வந்தாலும் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை உள்ளேயிருந்து பல்லி சொல்வதுபோல் டக் டக் என்று ஒரு சத்தம். கடைக்குத் தூக்கிப்போனேன். அந்தப் பையன் பெட்டியைத் திறக்கவே இல்லை. "அங்கிள், விண்டோஸ் 11 இதில் ஏறாது. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றான். ஏறாது என்பது உண்மைதான். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அதுதான் ஆறவில்லை.

நம் சுப்பு மகன்தான் காப்பாற்றினான். கோப்புகள் இருக்கும் வட்டைக் கழற்றித் தன் மடிக்கணினியில் மாட்டி, முதலில் எடுக்க முடிந்ததையெல்லாம் நகல் எடுத்தான். சுற்றுகிற தட்டு தேய்ந்தால் எல்லாமே மெதுவாகும், டக் டக் சத்தம் வந்த பிறகு ஓடவிடுவதே ஆபத்து என்றான். பாயான் லெப்பாஸ் மின்னணு ஆலையில் இத்தனை வருஷம் இருந்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை! தலைக்கு மேல் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிவரியாக நின்றன. லட்சுமி என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: 2002-ல் நீயும் நானும் முரசு அஞ்சல் மென்பொருளில், திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் அல்லவா அடித்தோம்! இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடு நம்மிடம் வந்து சேராத காலம். திஸ்கி எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் இப்படித்தான் தெரியும். திஸ்கியில் 'கொ' என்றால் கொம்பு முதலில், பிறகு க, பிறகு கால், நாம் கையால் எழுதுகிற அதே வரிசை. யூனிகோடில் க முன்னால் நிற்கும். மாற்றும் நிரல் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டதும் மாஸ்டரின் முதல் வசனம் திரையில் எழுந்து வந்தது. குணா, அவர் குரலே கேட்டது.

இப்போது அதே பெட்டியில் சுற்றாத புது வட்டு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்திருக்கிறான், தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது. அரை நிமிஷத்தில் எழுகிறது.

ஆனால் எனக்கு ராத்திரி தூக்கமில்லை. 24 வருஷம் இந்த நாடகங்களுக்கு வேறு நகலே இல்லாமல் இருந்திருக்கிறோம். மாஸ்டர் கையெழுத்துப் பிரதிகளை நம்மை நம்பித்தானே கொடுத்தார், அவையும் வெள்ளத்தில் போயின. பதின்மூன்றில் பன்னிரண்டு முழுசாகக் கிடைத்துவிட்டன. கங்காணி நாடகத்தின் கடைசிக் காட்சி மட்டும் கெட்டுப்போயிருக்கிறது. நீ மீசை ஒட்ட மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினாயே, அதே நாடகம். உனக்கு அச்செடுத்துக் கொடுத்த தாள்கள் அம்மாவின் இரும்பு அலமாரியில் இருக்கலாம். இந்த ஞாயிறே செந்தூலுக்குப் போய்த் தேடு. கிடைத்தால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. மற்ற பன்னிரண்டையும் ஒரு பென்டிரைவில் போட்டு உனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் வீட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

உன்
மணியம்